‘மக்களின் நண்பன்’ அச்சான தெருக்கள்: ஒரு பாரிஸ் நாட்குறிப்பு

செவ்வாய், இரவு

ஓதியோன் மெட்ரோ நிலையத்தின் படிகளில் ஏறி வெளியே வந்தால் பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் தாந்தோன் வெண்கலத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் குடியிருந்த வீடு இங்கேதான் இருந்தது. புல்வார் சென்-ழெர்மென் என்ற பெரிய சாலையைப் போட்டபோது அது போய்விட்டது, பிறகு சிலை வந்தது. சிலையின் காலடியில் நாலைந்து பையன்கள் போனைப் பார்த்தபடி யாருக்காகவோ காத்திருந்தார்கள். பாரிஸ்காரர்கள் ‘அங்கே வந்துவிடு’ என்று நண்பர்களுக்குச் சொல்லும் இடம் இது.

நான் தேடி வந்தது அவரை அல்ல, அவருடைய பேட்டைக்காரரை. ழான்-போல் மரா. பிரெஞ்சுப் புரட்சியில் ‘மக்களின் நண்பன்’ என்ற பத்திரிகையை ஏறக்குறையத் தனி ஆளாக எழுதி நடத்தியவர். குளியல் தொட்டியில் குத்துப்பட்டுச் செத்தார் என்பது பள்ளிப் பாடத்திலேயே வரும். பத்திரிகை எப்படி நடந்தது என்று எந்தப் பாடமும் சொல்லவில்லை. அப்பா ஊரில் காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சு மெஷின் ஒன்று வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, தேர்தல் நோட்டீஸ், உள்ளூர்க் கட்சிக்காரர் ஒருவரின் நாலு பக்க வாரப் பத்திரிகை எல்லாம் அடிப்பார். அந்தக் கட்சிக்காரர் எழுதியதைவிட, வியாழக்கிழமை ராத்திரி அது வெளியே வர எத்தனை பேர் கண்விழித்தார்கள் என்பதுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால் எந்தப் பழைய பத்திரிகையைப் பற்றிப் படித்தாலும் மை தடவியது யார், கடன் கொடுத்தது யார் என்றுதான் புத்தி போகிறது.

சிலைக்கு எதிரே சாலையைக் கடந்தால் ஒரு வளைவு. உள்ளே நுழைந்தால் கூர் து கொமர்ஸ் சென்-அந்த்ரே என்ற சந்து. கரடுமுரடான கல் பாவிய தரை, இரண்டு பக்கமும் சாப்பாட்டுக் கடைகள், வெளியில் போட்ட மேசைகள். ஒரு கடைக்குள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால் 1200-ஐ ஒட்டி எழுப்பிய பழைய நகர மதிலின் வட்டக் கோபுரம் அப்படியே நிற்கிறது. இந்தச் சந்தின் 8-ஆம் எண்ணில்தான் மராவின் பத்திரிகை அச்சானது. எதிரே 9-ஆம் எண்ணில் கில்லட்டின் இயந்திரத்தை ஆட்டின் கழுத்தில் வைத்துச் சோதித்தார்கள் என்று சொல்கிறார்கள். தலைகளைக் கேட்டு எழுதிய பத்திரிகைக்கு எதிர்வீட்டில் தலை வெட்டும் இயந்திரம்! கதை எழுதுகிறவன் இப்படி அமைத்தால் நம்ப மாட்டோம்.

சந்தின் ஒரு பக்கம் ப்ரொகோப் உணவகத்தின் பின்வாசல். தாந்தோன், மரா எல்லாரும் காபி குடித்த இடம் என்று பெயர். வாசலில் மாட்டியிருந்த விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு நாங்கள் அடுத்த தெருவுக்குப் போய்க் குடித்தோம்.

அப்புறம் மருத்துவப் பள்ளித் தெரு. புரட்சிக் காலத்தில் இதற்குக் கொர்தெலியே தெரு என்று பெயர். அந்தப் பெயர் கொண்ட துறவிகளின் மடம் இங்கே இருந்தது. மடத்தில் கூடிய புரட்சிக்காரர்களின் அரசியல் மன்றத்துக்கும் அதே பெயர். இப்போது மிச்சம் இருப்பது துறவிகளின் சாப்பாட்டுக்கூடம் மட்டும்: நெடிய கல் சுவர், செங்குத்தான கூரை. மரா வாழ்ந்து இறந்த வீடும் இதே தெருவில்தான் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் இப்போது மருத்துவக் கல்லூரிக் கட்டடம். அவரே மருத்துவர் என்பதால் இதில் பெரிய குற்றம் சொல்ல முடியாது.

அச்சகம், மன்றம், ஆசிரியர் வீடு மூன்றும் ஐந்து நிமிட நடைக்குள் அடங்கிவிடுகின்றன. பக்கத்துத் தெருவில் கூட்டம் முடிந்தால் மறுநாள் காலை அது அச்சில் இருக்கும். இந்த நெருக்கத்தை வரைபடத்தில் பார்த்தபோது புரியவில்லை, காலால் நடந்தபோது புரிந்தது.

புதன்

இன்று முழுக்க மரே பகுதியில் உள்ள கார்னவாலே அருங்காட்சியகம். நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. புரட்சி அறைகளில் ஒருநாள் போதாது. பஸ்தீய் சிறையின் கல்லில் செதுக்கிய குட்டிச் சிறை, தட்டுகள், விசிறிகள், தொப்பிகள் என்று புரட்சியை வீட்டுச் சாமானில் எல்லாம் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

மராவின் முகம் இங்கே இருக்கிறது. 1793-இல் ழோசஃப் போஸ் தீட்டிய ஓவியம். தலையில் கட்டிய துணி, திறந்த கழுத்து, பக்கவாட்டில் பார்க்கும் கண். எழுத்தைப் படித்துவிட்டு இந்த முகத்தைப் பார்த்தால், கத்துகிற ஆள் இல்லை, தூக்கம் கெட்ட ஆள் என்றுதான் தோன்றுகிறது.

1743-இல் இன்றைய ஸ்விட்சர்லாந்தில் உள்ள பூத்ரி ஊரில் பிறந்தவர். அப்பா சார்தீனியாக்காரர். லண்டனில் பத்து வருடம், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம், பாரிஸில் அரசரின் தம்பி ஆர்த்துவா கோமகனின் காவல்படைக்கு மருத்துவர். 46 வயதில் எல்லாவற்றையும் விட்டுப் பத்திரிகைக்காரர். பஸ்தீய் விழுந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 26-இல் வந்த மனித உரிமைப் பிரகடனத்தின் 11-ஆவது பிரிவு எழுதவும் அச்சிடவும் உரிமை தந்துவிட்டது. பாரிஸில் யாரைப் பார்த்தாலும் பத்திரிகை தொடங்கிக்கொண்டிருந்த நேரம். 1789 செப்டம்பர் 12 அன்று இவருடையதும் வந்தது. முதலில் வேறு பெயர். 6-ஆவது இதழிலிருந்து ‘மக்களின் நண்பன்’.

உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய அளவு. பெரும்பாலும் 8 பக்கம், விஷயம் கூடினால் 12, 16. பிரான்ஸ் தேசிய நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில் இதழ்களை விடுதி அறையிலிருந்தே புரட்டலாம், நேற்று ராத்திரி அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். விளம்பரம் இல்லை, படம் இல்லை. தலைப்புக்குக் கீழே அன்றைய விஷயங்களின் சுருக்கம். தெருவில் விற்பவன் கூவுவதற்கென்றே எழுதியது அது. இன்றைய மாலைப் பத்திரிகைக்காரர்களுக்குப் போஸ்டர் எப்படியோ அப்படி. பிறகு ஒரு லத்தீன் வாசகம். உண்மைக்காக உயிரைப் பணயம் வைப்பது என்று அர்த்தம், ரூசோவும் அதைத்தான் தம் கொள்கை வாசகமாக வைத்திருந்தார். பிறகு மூச்சுவிடாத வசை. அமைச்சர்கள், நகராட்சி, தேசியக் காவல்படைத் தளபதி லாஃபயெத், பேரவையின் பெரும் பேச்சாளர் மிராபோ, பிறகு தன் கூட்டாளிகளாக இருந்தவர்களே.

அச்சு வேலையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மர அச்சு இயந்திரத்துக்கு இரண்டு ஆள். ஒருவர் தோல் பந்தால் எழுத்தின்மேல் மை ஒத்துவார், மற்றவர் தாளை வைத்துக் கைப்பிடியை இழுப்பார். தேர்ந்த கைகள் என்றால் மணிக்கு 250 இழுப்பு. எட்டுப் பக்கத்தின் எழுத்துகளையும் ஒரே சட்டத்துக்குள், ஒரே பாரமாகக் கட்டி, தாளின் இரண்டு பக்கமும் அதையே அடித்து, நடுவில் வெட்டினால் ஒரு தாளுக்கு இரண்டு பிரதி. ஆக மணிக்கு 250 பிரதி. 2,000 வேண்டுமென்றால் இரண்டு ஆட்கள் எட்டு மணி நேரம் நிமிராமல் இழுக்க வேண்டும். அதற்கு முன்னால் அச்சுக்கோர்ப்பு, அதற்குப் பின்னால் மடிப்பு. இதை நாள்தோறும், போலீஸ் தேடிக்கொண்டிருக்கும்போது செய்தார்கள்.

போலீஸ் தேடியது சும்மா பேச்சுக்கு அல்ல. 1789 அக்டோபரிலேயே பிடியாணை. 1790 ஜனவரி 22 அன்று இவர் ஒருவரைப் பிடிக்க லாஃபயெத் பெரும்படையை அனுப்பித் தெருக்களை அடைத்தார். தாந்தோனும் பேட்டைக்காரர்களும், ‘எங்கள் பேட்டையில் எங்கள் பிரதிநிதிகள் ஒப்பாமல் யாரையும் பிடிக்க முடியாது’ என்று சட்டம் பேசி நேரத்தை இழுத்தார்கள். அதற்குள் ஆள் நழுவி, லண்டனுக்குப் போய்விட்டார். மே மாதம்தான் திரும்பினார்.

அவர் இல்லாத மாதங்களில் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. ‘மக்களின் நண்பன்’ பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது! பெயருக்கு விற்பனை இருந்ததால் வேறு அச்சகங்கள் அதே பெயரில் போலி இதழ்களை இறக்கின. அரசாங்க ஆதரவுக் கருத்தைக்கூட மராவின் பெயரில் விற்றார்கள். திரும்பி வந்தவர் பத்திரிகை நடத்துவதோடு, எது தன் பத்திரிகை என்று வாசகர்களுக்கு நிரூபிக்கவும் வேண்டியிருந்தது. 1792 செப்டம்பர் 21 அன்று அந்தப் பெயரில் கடைசி இதழ். எண் 685. இடையில் ஓடியது ஏறக்குறைய 1,100 நாள். விடுபட்ட நாட்களில் பெரும்பகுதி நிலவறையிலோ நாடுவிட்டு ஓடியோ கழிந்தவை.

படிக்கப் படிக்கச் சங்கடமும் கூடுகிறது. 1790 ஜூலையில் வெளியிட்ட தனித் துண்டுப் பிரசுரத்தில், ஐந்நூறு அறுநூறு தலைகளை வெட்டியிருந்தால் உங்களுக்கு அமைதியும் சுதந்திரமும் உறுதியாகியிருக்கும் என்று எழுதினார். பிறகு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 1792 செப்டம்பர் தொடக்கத்தில் பாரிஸ் சிறைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கும்பல் வெட்டிக் கொன்றது. நீங்களும் இதைச் செய்யுங்கள் என்று மாகாணங்களுக்குப் போன சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்களில் மராவும் ஒருவர். அடக்குமுறைக்கு ஆளான பத்திரிகைக்காரர் என்று அவரைப் பாராட்டத் தொடங்கினால் இந்தச் சுற்றறிக்கை குறுக்கே வந்து நிற்கும். ஆத்திரத்தில் எழுதினார், யாரும் செய்வார்கள் என்று நினைக்கவில்லை என்று அவர் சார்பில் வாதாடுகிறவர்கள் உண்டு. மூன்று வருடம் நாள்தோறும் எழுதியதை ஆத்திரம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வெளியே வரும்போது பாரதியின் ‘இந்தியா’ நினைவுக்கு வந்தது. சிவப்புத் தாளில், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற பாரிஸின் மூன்று சொற்களை முகப்பில் தாங்கி, 1908-இல் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரிக்கே தப்பிப் போய் நடந்த பத்திரிகை. இங்கிருந்து போனது முழக்கம் மட்டும், நல்லவேளை.

வியாழன்

காலையிலிருந்து தூறல். பலே-ரோயால் வளாகத்தின் தூண் வரிசைக்குக் கீழே நனையாமல் நடக்கலாம் என்று அங்கே போனோம். புரட்சிக் காலத்தில் செய்தி பிறந்த இடம் இது. காபிக் கடைகள், சூதாட்டம், புத்தகக் கடைகள், பத்திரிகை கூவுபவர்கள். 1789 ஜூலை 12 அன்று கமீய் தெமூலான் மேசைமேல் ஏறி ஆயுதம் எடுங்கள் என்று கத்தியது இங்கேதான். அவரும் பிறகு பத்திரிகைக்காரர் ஆனார், அதே புரட்சி அவர் தலையையும் எடுத்தது.

1793 ஜூலை 13 காலை, இதே தூண் வரிசையில் ஒரு கடையில் ஷார்லொத் கோர்தே என்ற பெண் 40 சூ (அன்றைய சில்லறைக் காசு) கொடுத்துச் சமையலறைக் கத்தி வாங்கினாள். வயது 24. நார்மாண்டியில் உள்ள கான் நகரிலிருந்து வந்து, பக்கத்தில் இன்றைக்கு எரோல் தெரு என்று சொல்லும் தெருவில் ஒரு விடுதியில் தங்கியிருந்தாள். அங்கேயும் போய்ப் பார்த்தோம், பார்க்க ஒன்றும் இல்லை.

அன்றைய மராவின் வீட்டைப் பற்றி நீதிமன்ற வாக்குமூலங்கள் தரும் விவரங்களை எத்தனை தடவை வேண்டுமானாலும் படிக்கலாம். ஏனென்றால் அது வீடு அல்ல, பத்திரிகை அலுவலகம். மரா ஜூன் மாதத்திலிருந்து வெளியே போகவில்லை. தோல் நோய் முற்றி, தொட்டித் தண்ணீரில் உட்கார்ந்து, குறுக்கே பலகை போட்டு எழுதிக்கொண்டிருந்தார். அப்போது பத்திரிகைக்கு வேறு பெயர். மார்ச் மாதத்தில் மக்கள் பிரதிநிதிகள் பத்திரிகை நடத்தக் கூடாது என்று தேசியப் பேரவை தீர்மானம் போட்டது. பேரவை உறுப்பினரான மரா, இது செய்தித்தாள் அல்ல, குடிமக்களுக்கு ஒரு பிரதிநிதி சொல்லும் கருத்து என்ற பாவனையில் தலைப்பை மாற்றிக்கொண்டு தொடர்ந்தார்.

முன்னறையில் மறுநாள் இதழுக்கான மடிப்பு வேலை. அதைச் செய்துகொண்டிருந்தவர்களில் கட்டடத்தின் வாசல் காப்பவளும் இருந்தாள். லோரான் பா என்ற ஆள் பத்திரிகைத் தாள்களைச் சுமந்து வந்து மடிப்பிலும் கைகொடுத்துக்கொண்டிருந்தான். கோர்தேயைக் காலையில் வந்தபோதே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாலையில் மறுபடி வந்தாள். வாசலில் தகராறு, உள்ளேயிருந்து மரா குரல் கேட்டு விடச் சொன்னார். கானில் கூடியிருக்கும் எதிரிகளின் பெயர்களை அவள் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். பிறகு கத்தி. அலறல் கேட்டு ஓடிய லோரான் பா நாற்காலியைத் தூக்கி அவளை அடித்துக் கீழே தள்ளினான். பத்திரிகை மடித்துக்கொண்டிருந்த கை!

மறுநாள், 14-ஆம் தேதி, இதழ் வெளிவந்தது. எண் 242. ஆசிரியர் இறந்தபின் அவர் எழுதியது தெருவில் கூவி விற்கப்பட்டது. மடித்தவர்கள் வேலையை முடித்துவிட்டார்கள்.

அவர் சாகும்போது கைவசம் இருந்த இரண்டு பழைய இதழ்களில் இரத்தம் தெறித்தது. ஒன்று 1791-இல் வந்த 506-ஆம் எண். தங்கை அல்பெர்தின் அவற்றை எடுத்து வைத்துக்கொண்டாள். கடிகார முள் செய்து பிழைத்தவள். நாற்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்து 1837-இல் ஒரு சேகரிப்பாளரிடம் கொடுத்தாள். கைமாறிக் கைமாறி 1906-இல் தேசிய நூலகத்துக்கு வந்தது. அந்த நூலகத்தின் பழைய கட்டடம் பலே-ரோயாலுக்கு ரெண்டு தெரு தள்ளி, ரிஷலியே தெருவில் இருக்கிறது. மழை விட்டதும் போனோம். நீள்வட்ட வாசிப்புக் கூடத்தின் கண்ணாடிக் கூரையைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் உட்கார்ந்தாயிற்று.

சில வருடங்களுக்கு முன் அந்தக் கறையிலிருந்து மரபணுவைப் பிரித்து ஆராய்ந்தார்கள். 2020-இல் முடிவு ஆய்விதழில் வந்தது. மரபணுவில் பிரெஞ்சு, இத்தாலியக் கலப்பு தெரிந்தது, சார்தீனியா அப்பாவுக்குப் பொருந்துகிறது. தோல் நோய்க்குக் காரணமென்று இருநூறு வருடமாகச் சொல்லிவந்த மேகநோய், தொழுநோய், சிரங்கு எதற்கும் தடயம் இல்லை. மலசேசியா என்ற பூஞ்சை மட்டும் ஏராளம். நம் தலையில் பொடுகு உண்டாக்குகிற அதே குடும்பம். சாக்கடையில் ஒளிந்திருந்ததால் வந்த நோய் என்ற பழைய கதைக்கும் இதில் பெரிய ஆதரவு இல்லை.

என் மனைவி இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள். “ஏங்க, ஓடி ஒளியுற ஆளுக்குப் பேப்பர் வாங்கக் காசு யார் கொடுத்தாங்க?”

சிமோன் எவ்ரார். அவரைவிட இருபது வயதுக்கு மேல் இளையவள். ஒளிந்து திரிந்த காலத்தில் வீட்டில் இடம் கொடுத்தவள், தன் கையிருப்பைப் பத்திரிகையில் போட்டவள். சடங்கு, பதிவு எதுவும் இல்லாமல் மனைவியாக வாழ்ந்தவள். கத்திக் குத்துப்பட்டபோது மரா கூப்பிட்டதும் அவளைத்தான்.

வெள்ளி

இன்று மராவுக்கு விடுமுறை என்றுதான் கிளம்பினோம். கலை-தொழில் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தால் வேதியியலாளர் லவாய்சியரின் ஆய்வுக்கூடம். தராசுகள், கண்ணாடிக் குடுவைகள், வாயு அளக்கும் பித்தளைக் கருவிகள். இங்கேயும் மரா வந்துவிட்டார்.

புரட்சிக்கு முன் ஒளி, நெருப்பு, மின்சாரம் பற்றி மரா ஆராய்ச்சி செய்தார். நியூட்டன் தவறு என்று காட்டப் பார்த்தார். அறிவியல் கழகம் ஏற்கவில்லை. அந்த வடு ஆறவில்லை. 1791-இல் கழகத்தாரைப் போலி வித்வான்கள் என்று ஒரு பிரசுரமே எழுதினார். லவாய்சியர் வரி வசூல் குத்தகைக்காரரும்கூட, பாரிஸைச் சுற்றி வரி மதில் எழுப்பச் சொன்னவர். பத்திரிகையில் அவரை நார்நாராகக் கிழித்தார். லவாய்சியர் தலை 1794 மே 8 அன்று விழுந்தபோது மரா செத்துப் பத்து மாதம் ஆகியிருந்தது. அவர் கொன்றார் என்று சொல்வது சரியல்ல. ஆனால் சொந்தப் பகையைப் பொதுநலம்போல அச்சில் ஏற்றும் வழக்கம் பத்திரிகைத் தொழிலுக்குப் புதிதல்ல என்று தெரிகிறது. அப்பாவிடம் அடித்த அந்த வாரப் பத்திரிகையிலும் பாதி இடம் அதற்குத்தான் போகும்.

மாலையில் க்ரேவேன் மெழுகுச் சிலைக் கூடம். அந்த உண்மையான தொட்டியே தங்களிடம் இருக்கிறது என்கிறார்கள். செருப்பு வடிவில், செம்பில். பிரெத்தாஞ் பகுதியில் ஒரு பாதிரியார் விற்றதாம். நம்புவதும் நம்பாததும் டிக்கெட் வாங்கினவர் பாடு.

சனி

பான்தியோன் குன்றில் ஏறும்போதே வெயில். ரூசோவும் வோல்தேரும் நிலவறையில் எதிரெதிரே. மரா இல்லை. ஆனால் இருந்தார், சில மாதம்.

1793 ஜூலை 16 அன்று கொர்தெலியே மடத்துத் தோட்டத்தில் புதைத்தார்கள். இதயத்தைத் தனியே எடுத்து மன்றத்தின் கூரையில் தொங்கவிட்டார்கள். மோன்மார்த்ர் குன்றுக்கு மோன்-மரா என்று பெயர் மாற்றினார்கள். ல ஆவ்ர் துறைமுகமும் ஆவ்ர்-மரா ஆயிற்று. 1794 செப்டம்பர் 21 அன்று, புரட்சி அரசின் தலைவர்களில் ஒருவரான ரோபஸ்பியரே விழுந்த பிறகு, பெரும் ஊர்வலமாக இங்கே கொண்டுவந்தார்கள். அன்றைக்கே மிராபோவின் எலும்பைப் பக்கக் கதவு வழியாக வெளியே எடுத்தார்கள். இவர் அரசருக்கு விலைபோனவர் என்று மிராபோவை உயிரோடிருந்தபோதே பத்திரிகையில் ஏசியவர் மரா. அரசர் ரகசியக் கடிதங்களை வைத்திருந்த இரும்புப் பெட்டி திறக்கப்பட்டபோது அது உண்மையென்றே ஆனது. இந்த ஒரு விஷயத்தில் பத்திரிகைக்காரருக்கு மதிப்பெண் போட்டாக வேண்டும்.

1795 பிப்ரவரியில் காற்று திரும்பிவிட்டது. இறந்து பத்து வருடம் ஆகாத யாருக்கும் இங்கே இடமில்லை என்று தீர்மானம் போட்டு மராவையும் வெளியே எடுத்தார்கள். பணக்கார வீட்டு இளைஞர்கள் அவர் மார்பளவுச் சிலைகளை உடைத்தார்கள், ஒன்றை மோன்மார்த்ர் சாக்கடையில் வீசினார்கள். உடலையே சாக்கடையில் போட்டார்கள் என்ற வதந்தி அதிலிருந்து கிளம்பியது. உண்மையில் பக்கத்தில் சென்-எத்தியென்-து-மோன் தேவாலயத்தை ஒட்டிய இடுகாட்டில் புதைத்தார்கள். அங்கே கல்லோ பெயரோ இல்லை. தேவாலய வாசல் படியில் மாணவர்கள் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள், நாங்களும் உட்கார்ந்தோம்.

ஞாயிறு, ரயிலில்

காலையில் கார் து நோர் நிலையத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் பிரஸ்ஸல்ஸ். ஒரே ஒரு படத்தைப் பார்க்கப் போய்த் திரும்பிக்கொண்டிருக்கிறோம்.

ழாக்-லூயி தாவீத் தீட்டிய ‘மராவின் மரணம்’. அரச நுண்கலை அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. 165-க்கு 128 சென்டிமீட்டர். அச்சுப் பிரதிகளில் பார்த்தபோது தெரியாத விஷயம், மேல் பாதி முழுக்க வெறும் இருள். கீழே சாய்ந்த உடல், சுத்தமான தோல், நோயின் சுவடே இல்லை. மைக்கூட்டைத் தாங்கும் மரப்பெட்டியில் ‘மராவுக்கு, தாவீத்’. கையில் கோர்தேயின் கடிதம். பெட்டிமேல் ஒரு விதவைக்குக் கொடுக்கச் சொல்லி எழுதிய குறிப்பும் பண நோட்டும்.

பத்திரிகை எங்கே? தேடினேன், இல்லை. பேனா இருக்கிறது, தாள் இருக்கிறது, அச்சான ஒரு வரிகூடக் கிடையாது. மடித்தவர்கள், கூவியவர்கள், காசு கொடுத்தவள், முன்னறையின் சந்தடி யாரும் இல்லை. தாவீதுக்குத் தேவைப்பட்டது ஒரு தியாகி. எட்டுப் பக்க வசை அந்தப் படத்துக்குள் இருந்தால் தியாகி நிற்க மாட்டார். அருமையான படம்தான், மறுக்கவில்லை. ஒரு பத்திரிகை ஆசிரியரின் படமாக மட்டும் அது பொய்.

அவர் செத்த பின் பத்திரிகைக்கு என்ன ஆயிற்று என்பதை எந்த ஓவியரும் தீட்டவில்லை. மூன்றே நாளில் ழாக் ரூ என்ற புரட்சிப் பாதிரியார், மராவின் நிழல் எழுதுகிறது என்று சொல்லி, கடைசித் தலைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு தொடர்ந்தார். ஜூலை 20 அன்று லெக்லேர் என்ற இளைஞர் ‘மக்களின் நண்பன்’ பெயரையே எடுத்துக்கொண்டார். இருவரும் ஏழைகளுக்காக, ரொட்டி விலைக்காக, அரசாங்கத்தை மராவைவிடக் கடுமையாக அடித்தார்கள். ஆகஸ்ட் 8 அன்று சிமோன் எவ்ரார் பேரவையின் முன்னால் வந்து நின்றாள். இவர்கள் என் கணவர் பெயரைத் திருடுகிறார்கள், அவர் சொல்லாததை அவர் பெயரில் சொல்கிறார்கள் என்று முறையிட்டாள். ரோபஸ்பியருக்கு இது வசதியாக இருந்தது, அவருக்கும் ரூவைப் பிடிக்காது. செப்டம்பரில் ரூ சிறையில், லெக்லேரின் பத்திரிகை நின்றுவிட்டது. ரூ மறு பிப்ரவரியில் சிறையிலேயே தன்னைக் குத்திக்கொண்டு இறந்தார்.

அவள் செய்தது சரியா என்று எங்களுக்குள் ரயிலில் விவாதம். ஆட்சிக்கு ஆகாத இரண்டு குரலை அடைக்க அவளைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது என் கட்சி. “காசு போட்டது அவ, கண்ணு முழிச்சது அவ. பேரு மட்டும் ஊருக்குப் பொதுவா?” என்பது என் மனைவியின் கட்சி.

ஆனால் அவளாலும் பெயரைக் காப்பாற்ற முடியவில்லை. 1848 புரட்சியில் ரஸ்பாய் அதே பெயரில் பத்திரிகை தொடங்கினார். அவராவது புரட்சிக்காரர். 1928-இல் வாசனைத் திரவிய முதலாளி ஃபிரான்சுவா கோத்தி, மற்ற நாளிதழ்களைவிட மலிவு விலையில், தீவிர வலதுசாரி நாளிதழ் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு வைத்த பெயரும் ‘மக்களின் நண்பன்’. கோடீஸ்வரர் பணத்தில் மக்களின் நண்பன்! மரா இருந்திருந்தால் அடுத்த நாள் இதழ் 16 பக்கம் வந்திருக்கும்.

இன்னும் பத்து நிமிடத்தில் பாரிஸ். கார் து நோரிலிருந்து லா ஷப்பெல் நடந்து போகும் தூரம்தான், அங்கே நம்மவர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கொத்து ரொட்டி என்று முடிவாகிவிட்டது.